மருந்து ஷெட்டின் மோடம்

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு, தீப்பெட்டி ஆபீஸ் கணக்கறையில் மோடம் தானாகக் கீச்சிடத் தொடங்கியது. ராதாமணி நிமிர்ந்தாள். அந்த மோடத்தின் எண்ணுக்கு டயல் செய்வது விளாத்திகுளம் சாலையிலுள்ள மருந்து ஷெட்டின் மோடம் ஒன்றுதான். அந்த ஷெட் மாசியில் எரிந்துவிட்டது. உள்ளே தீக்குச்சி மருந்து கலக்கிக்கொண்டிருந்த பூங்கொடியோடு.

ஜன்னலுக்கு வெளியே வெடித்துக் கிடந்த கரிசலின் மேல் வெயில் நெளிந்தது; காற்றில்லை, காக்கைச் சத்தமில்லை, அந்தக் கீச்சு மட்டும் ஏறி இறங்கி, மூச்சுக்குத் திணறுகிறவளின் தொண்டைபோல் கரகரத்து அடங்க, கந்தகமும் கருகிய முடியுமாய் ஒரு வாடை அறைக்குள் மெல்லப் படர்ந்தது.

ஷெட் காவல்காரர் மாடக்கண்ணுவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, அங்கன போன் லைன் சரி பண்ணிட்டாவளா?"

"எந்த லைனு? கம்பமே சாஞ்சி கெடக்கு. கரிக்கட்டை ஒங்களுக்குப் போன் போடுதோ என்னமோ!" சிரித்தார்.

அவள் போனை வைத்தாள். லேப்டாப் திரையில் வரிகள் தாமாக ஓடின. ஷெட்டிலிருந்து ஆபீசுக்கு ஒரு வழி. ஆபீசிலிருந்து அவள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இன்னொரு வழி. லீவு நாளில் வீட்டிலிருந்தே ஷெட்டின் சூட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளே எழுதி வைத்த ஏற்பாடு. யாரும் எதையும் தட்ட வேண்டாம். இணைப்பு வந்தால் போதும், வழி திறந்துவிடும்.

வீட்டில் மகள் மாரிசெல்வி தனியாக இருந்தாள். காய்ச்சலென்று பள்ளிக்கு அனுப்பவில்லை.

மோடத்தின் போன் வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணையவில்லை. கரண்ட் வயரையும் பிடுங்கினாள். அணையவில்லை. மெயினை இறக்கினாள். மின்விசிறி நின்றது.

விளக்கு எரிந்தது.

வாடை குறைந்தது. இங்கிருந்து போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, கதவு பூட்டித்தானே இருக்கு?"

"பூட்டித்தாம்மா இருக்கு. ஒரு அக்கா வந்திருக்காவ. கம்ப்யூட்டர் ரூம்ல இருந்து வந்தாவ. ஒங்க ஆபீஸாம்."

"வெளிய ஓடு! பக்கத்து வீட்டுக்கு ஓடுட்டி!"

"எந்திரிக்க விட மாட்டேங்காவ. சடை பின்னுதாவ."

திரையில் வீட்டுக் கேமரா தானாகத் திறந்தது.

மாரிசெல்வி. காதில் போன். அசையவில்லை. பின்னால், இருட்டிலிருந்து நீண்ட பத்து விரல்கள். கருகியவை. நகமில்லை. நிதானமாகப் பின்னின.

ஒவ்வொரு பின்னலிலும் பிள்ளையின் முடி புகைந்தது.