மிஸ்டர் கிட்டுசாமி வந்திருந்தார்

ஜனவரிக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் பட்டியலில் ஏழாவது பெயர் மிஸ்டர் கிட்டுசாமி என்று இருந்தது. தாமரைச்செல்வி அதை இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தாள். கிட்டுசாமி அவளுடைய அப்பா. கோபிச்செட்டிபாளையத்தில் அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அமெரிக்கா வந்த புதிதில் எந்த ஃபாரத்தை எடுத்தாலும் 'லாஸ்ட் நேம்' என்று ஒரு கட்டம் இருக்க, நம்மூர்க்காரர்களில் பாதிப் பேர் செய்ததையே அவளும் செய்தாள். இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதி வைத்தாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் அவள் டாக்டர் கிட்டுசாமி. போனில் எதையாவது விற்கக் கூப்பிடுகிறவர்களுக்கு அவள் கணவன் இனியன், பாவம், மிஸ்டர் கிட்டுசாமி. "செல்வி, உங்கப்பாவுக்கு போன்" என்று ரிசீவரை நீட்டுவது அந்த வீட்டில் பழைய ஜோக். அப்பா போன பிறகு இனியன் அதை நிறுத்திவிட்டான்.

ஹெரன் பீச் என்பது நியூ ஜெர்சி கடலோரத்தில் ஒல்லியான ஒரு தீவு. போக வர ஒரே பாலம். அங்கே டெர்ன் லேனில் ஒன்பதாம் நம்பர் மர வீடு அவள் பெயரில் இருந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊர் நிரம்பி வழியும். பிறகு குழாய்த் தண்ணீரை வடித்து, போன் லைனை நிறுத்தி, வீட்டைப் பூட்டிக்கொண்டு எடிசனுக்குத் திரும்பிவிடுவார்கள். இப்படிச் சீசனுக்கு மட்டும் வருகிற வீட்டுக்காரர்களுக்கு அங்கே வரி உண்டு, ஓட்டு கிடையாது. அந்த மனத்தாங்கலுக்காக டவுன் ஆபீஸ் ஓர் ஆலோசனைக் கமிட்டி வைத்திருந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் நடக்கும். போன அக்டோபரில் 'சேர விருப்பமா?' என்று ஒரு கார்டு வந்தபோது, தெருமுனையில் தண்ணீர் தேங்குகிற கோபத்தில் டிக் அடித்து, டி. கிட்டுசாமி என்று எழுதி அனுப்பிவிட்டாள். அதோடு சரி. சனிக்கிழமைகளில் டியூட்டி வந்துகொண்டே இருந்ததால் ஒரு கூட்டத்துக்கும் போகவில்லை.

"டேட்டா என்ட்ரி பண்றவன் தூங்கியிருப்பான். போன் பண்ணி கரெக்ட் பண்ணச் சொல்லு" என்றான் இனியன்.

திங்கட்கிழமை பண்ணினாள். டவுன் கிளார்க் டாரதிக்கு இனிமையான குரல்.

"மிஸ்டர் கிட்டுசாமியா? நவம்பரிலிருந்து ஒரு கூட்டம்கூடத் தவறவிடவில்லையே அவர். பாவம், இந்தக் குளிரிலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே வருவார். நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டோம்."

"அந்தப் பேரில் என் வீட்டில் யாரும் இல்லையே."

"கையெழுத்துப் போட்டிருக்கிறாரே. ஃபாக்ஸ் அனுப்பட்டுமா?"

ஆஸ்பத்திரி ஆபீஸ் ரூமில் அந்த மிஷின் கீச்சென்று அலறி, பிறகு இழுத்து இழுத்து முனகி, வழவழப்பான சூட்டுக் காகிதத்தை விரல் விரலாக வெளியே தள்ளியபோது, மருந்து வாடையும் காபி வாடையும் கலந்த அந்த அறையில் எங்கிருந்தோ நனைந்த தோல் செருப்பின் வாடை மெல்ல எழுந்து வந்து அவள் மூக்கில் ஏறியது. ஏழாவது வரியில் கையெழுத்து தமிழில் இருந்தது. கிட்டுசாமி. கீழே இரண்டு கோடு, கோட்டின் முடிவில் இரண்டு புள்ளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அவளுடைய எல்லா ரேங்க் கார்டிலும் இருந்த அதே கையெழுத்து.

அவர் பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டு ஆறு வருஷம் காத்திருந்தார். போனில் ஒவ்வொரு தடவையும் அவள் சொல்வாள்: "அடுத்த சம்மருக்கு வாங்கப்பா." முதலில் அவளுடைய ரெசிடென்சிப் பயிற்சி, பிறகு பிரசவம், பிறகு சின்ன அபார்ட்மென்ட் என்று வருஷத்துக்கு ஒரு சாக்கு. "ஆகட்டும் கண்ணு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அவர் போனபோது கிரீன் கார்டு நடுவில் நின்றது. இப்போது நாட்டை விட்டுப் போனால் திரும்ப வருவது சிரமம் என்று வக்கீல் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவள் போகாமல் இருந்துவிட்டாள். உண்மையில் அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

"யாரோ பிராங்க் பண்றாங்க செல்வி."

"எங்கப்பா ரேங்க் கார்டுல போட்ட சைனை ஹெரன் பீச்ல யாரு பார்த்தாங்க?"



பிப்ரவரிக் கூட்டக் குறிப்பு தபாலில் வந்தது. சமையல்கட்டில் நின்றபடியே படித்தாள்.

'மிஸ்டர் கிட்டுசாமி, 9 டெர்ன் லேன். கோடைக்கு வரச் சொல்லி மகள் அழைத்ததாகவும், தான் வந்து சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்ததாகவும் தெரிவித்தார். மேற்படி வீட்டைச் சீசன் பட்டியலிலிருந்து நீக்கி, வருஷம் முழுவதும் குடியிருப்போர் பட்டியலில் சேர்க்கக் கோரினார். வழிமொழிந்தவர் வால்டர் பிரைஸ். ஒருமனதாக ஏற்கப்பட்டது. குடியேறுவோர் நால்வர். பேத்தி முதலில். மார்ச் கூட்டத்தில் உறுதி செய்யப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வரவும்.'

பேத்தி முதலில். கண்மணிக்கு ஆறு வயது. தாத்தாவை ஒரே ஒரு போட்டோவில் பார்த்திருக்கிறாள்.

கோபியில் அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பொழுது சாய்ந்ததும் வாசற்படியில் நின்று செருப்புகளை எண்ணுவார். கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு, வாய்க்குள்ளேயே எண்ணுவார். கணக்குச் சரியாக இருந்தால் கதவைச் சாத்தி இரும்புத் தாழ்ப்பாளைப் போடுவார். ஒரு ஜோடி குறைந்தால் எந்நேரமானாலும் அப்படியே நிற்பார். திட்ட மாட்டார், கூப்பிட மாட்டார். காலேஜிலிருந்து பஸ் தவறி அவள் வீட்டுக்கு வரும் நாட்களில், இருட்டில் அசையும் அந்தக் கட்டைவிரல்தான் முதலில் தெரியும்.

அன்று அவள் கண்மணியின் ஷூக்களை எல்லாம் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தேதான் செய்தாள்.

டாரதியைக் கூப்பிட்டாள். "ஆட்சேபத்தை போனில் எடுக்க முடியாதம்மா, ரூல் அப்படி" என்றாள் அவள். வருஷம் முழுக்கக் குடியிருப்பவர்கள் அங்கே யார் யார் என்று செல்வி கேட்டாள். குளிர்காலத்தில் ஒரு விளக்குகூட எரிந்து அவள் பார்த்ததில்லை.

"நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்றாள் டாரதி. "அவர்கள் வெளியே வருவதில்லை, அவ்வளவுதான்."

மார்ச் மாதச் சனிக்கிழமை டியூட்டியை மாற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். "நான் கண்மணிய விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன். ப்ராமிஸ். நீ பார்த்து டிரைவ் பண்ணு" என்றான் இனியன்.

பாலத்தைத் தாண்டியதும் எல்லா சிக்னலும் மஞ்சளில் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. பலகை அடித்த ஜன்னல்கள், மணல் ஏறிய படிகள். உப்பும் அழுகிய பாசியும் கலந்த காற்று, எங்கோ ஒரு கொடிக்கம்பத்தில் கயிறு டங் டங்கென்று இடைவிடாமல் மோதும் சத்தம், எல்லாம் கார்க் கண்ணாடியை ஏற்றிய பிறகும் உள்ளேயே இருந்தன. டெர்ன் லேன் முனையில் காரை மெதுவாக்கினாள். கடலைப் பார்த்த அந்த பெஞ்சில் போன ஆகஸ்டில் கண்மணியோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கிறாள். முதுகுப் பலகையில் பித்தளைத் தகடு. அன்றும் அது அங்கேதான் இருந்தது, அவள் படித்ததில்லை.

'வால்டர் பிரைஸ் நினைவாக. 1911–1988.'

திரும்பிப் போயிருக்கலாம். ஆட்சேபம் சொல்லாவிட்டால் பேத்தி முதலில் என்பது உறுதியாகிவிடும். காரை ஓட்டினாள்.

டவுன் ஹால் வாசலில் இருந்த மிதியடியில் ஒரு ஜோடிச் செருப்பின் ஈரத் தடம் இருந்தது. செருப்பைக் காணோம்.

உள்ளே ஹீட்டர் இல்லை. நீள மேஜைக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஆறு பேர், எல்லாரும் வயதானவர்கள். ஏழாவது நாற்காலி காலி. ஓரத்தில் டைப்ரைட்டரோடு டாரதி. கடுங்குளிர். அவள் மூச்சு விட்டபோது வாயிலிருந்து ஆவி எழுந்தது. வேறு யார் வாயிலிருந்தும் எழவில்லை.

"பெயர், விலாசம் சொல்லுங்கள்" என்றாள் டாரதி.

"தாமரைச்செல்வி கிட்டுசாமி. 9 டெர்ன் லேன். நான் ஆட்சேபிக்கிறேன்."

"ஒரு வீட்டுக்கு மூன்று நிமிஷம்தான். மிஸ்டர் கிட்டுசாமி பேசி முடித்துவிட்டு இப்போதுதான் கிளம்பினார்."

"அவர் செத்துப் போயிட்டார்!" என்று கத்தினாள்.

நடுவில் இருந்த கிழவர் தலையாட்டினார். "குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்."

டாரதி தட்டினாள். ஆறு கைகள் உயர்ந்தன. மெதுவாக இறங்கின.

"குடும்பத்துக்குத் தகவல் கொடுத்தாகிவிட்டது" என்று டாரதி வாசித்தாள். "குழாய் வெடித்துவிட்டதாக, நீங்கள் கிளம்பிய பிறகு போனில் சொன்னேன். உங்கள் கணவர் உடனே கிளம்பிவிட்டார். குழந்தையையும் கூட்டிக்கொண்டு."

இடுப்பில் பேஜர் துடித்தது. நம்பரைப் பார்த்தாள். டெர்ன் லேன் வீட்டு நம்பர். அக்டோபரில் நிறுத்திய லைன்.

ஓடினாள்.

இனியனின் வேன் வீட்டு முன்னால் நின்றது. எஞ்சின் சூடு இன்னும் ஆறவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வாசற்படியில் இனியனின் ஷூ. பக்கத்தில் கண்மணியின் சிவப்பு ஷூ, அவள் பூட்டி வைத்திருந்த அதே ஜோடி. அதற்குப் பக்கத்தில் தோல் செருப்பு. நனைந்து கறுத்திருந்தது.

அதற்கும் அடுத்து, ஒரு ஜோடி வைக்கிற அளவுக்கு மணலைக் கூட்டிச் சுத்தமாக இடம் விட்டிருந்தது.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே இருட்டு.

"கண்மணி! வெளிய வா!"

"ஐ காண்ட், மாம்." குரல் ரொம்பப் பக்கத்தில் கேட்டது. "தாத்தா இஸ் கவுண்டிங். ஒன் மோர்."

"ஏங்க! புள்ளையத் தூக்கிட்டு வாங்க!"

"ஷூவைக் கழட்டிட்டு உள்ள வா, செல்வி" என்றான் இனியன். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

கதவைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. தெருவைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பலகை அடித்த வீடுகள். யாரைக் கூப்பிடுவது? படியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, புள்ளைய விட்டுருங்கப்பா. தப்பு என்னுதுங்கப்பா. நான் வர்றனுங்க. அவள மட்டும் விட்டுருங்க."

பதில் இல்லை. அவர் எப்போதுமே அப்படித்தான். நிற்பார்.

லேஸை அவிழ்த்தாள். விரல் கேட்கவில்லை. பல்லால் இழுத்தாள். ஒரு ஷூ. இன்னொன்று. கூட்டி வைத்த இடத்தில் அவை கச்சிதமாகப் பொருந்தின.

கதவு வழிவிட்டது. உள்ளே காலை வைத்தாள். தரை ஈரம். கண்மணியின் சின்னக் கை அவள் புடவை முந்தானையைத் தேடுவதுபோல் கோட்டின் நுனியைப் பிடித்தது. பனிக்கட்டிக் குளிர், அந்தக் கை.

"அடுத்த சம்மருக்குப் போலாம், கண்ணு" என்றது, போனில் அவள் ஆறு வருஷம் கேட்ட அதே குரல்.

கதவு பின்னால் சாத்திக்கொண்டது. கதவோரத்து இருட்டில் ஒரு கட்டைவிரல், விரல் கணுக்களின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு. நின்றது.

பிறகு, அந்தக் கதவில் இல்லவே இல்லாத இரும்புத் தாழ்ப்பாள் விழுந்தது.