வைட்டமின் விஷம்

செல்போன் அலறியது.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதி மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்த பொன்மணி, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"டாக்டர் வெங்கடேஷ் பேசறேன். பதட்டப்படாதீங்க. சித்தார்த்தன் மயங்கி விழுந்துட்டார். ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டேன்... அடையாறு ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

சித்தார்த்தன் அவள் புருஷன். மூன்று வருஷம் முன்புவரை ஷேர் ஆட்டோ ஓட்டியவன். ஒரு நாள் காலையில் இடது கண் மங்கியது. அடுத்த மாதம் வலது கால் மரத்தது. கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்கள், எலி ஒயரைக் கடிக்கிற மாதிரி அவன் நரம்புகளின் மேலுறையைக் கடித்துக்கொண்டிருந்தன.

தி.நகரில் கிளினிக் வைத்திருந்த வெங்கடேஷ்தான் கை கொடுத்தார். வெறிபிடித்த அந்த அணுக்களை வைட்டமின் டி அடக்கும் என்பது அவருடைய ஆராய்ச்சி. வாரம் ஒரு பாக்கெட் தூளைப் பாலில் கலந்து கொடுக்கச் சொன்னார். வியாழன்தோறும் ஆற்றோரத்தில் இருந்த அவர்களுடைய ஒற்றை அறை வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போவார்.

இன்று வியாழன்.

மதியம் இரண்டு மணிக்கு ஐ.சி.யு. கதவு திறந்தது. டாக்டர் ருக்சாரின் முகத்தில் ஈயாடவில்லை.

"இது அவரோட பழைய வியாதி இல்லம்மா. ரத்தத்துல கால்சியம் பத்தரையைத் தாண்டக் கூடாது. இவருக்குப் பதினாறு. கிட்னி ரெண்டும் நிக்கப் போகுது. வைட்டமின் டி... மெஷினால அளக்க முடியாத அளவுக்கு ஏறிக் கெடக்கு."

"வாரத்துக்கு ஒண்ணுதான் மேடம் குடுத்தேன்... சத்தியமா."

"வாரம் ஒண்ணுல இப்படி ஆகாது. யாரோ மாசக்கணக்கா அள்ளிக் கொடுத்திருக்காங்க."



போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் ஜெயபாரதி அதிகம் பேசாத பெண்மணி. வீட்டைச் சோதனை போட அனுப்பிய ஆட்கள் ஒரு மணி நேரத்தில் திரும்பினார்கள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு பை... உள்ளே கிழித்த வைட்டமின் பாக்கெட்டுகள். ஐம்பத்திரண்டு! தயாரித்து மூன்று மாதம்கூட ஆகாதவை.

ஆம்புலன்ஸோடு வந்திருந்த வெங்கடேஷ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம், படுக்கையில் கிடப்பவனைத் தூக்கி, துடைத்து, அலுத்துப்போயிருப்பாள் என்றார். மருந்துக்கடையில் வேலை... கைக்கெட்டும் தூரத்தில் சரக்கு. அவளை ரொம்பவும் கடுமையாக நடத்த வேண்டாம் என்று வேறு கேட்டுக்கொண்டார்.

"கெளம்பும்மா, ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றாள் ஜெயபாரதி.

"அவரு உள்ள கெடக்குறாரு மேடம். கண்ணு முழிச்சா என்னத்தான் தேடுவாரு. நான் எங்க ஓடிடப் போறேன்?"

பெண் கான்ஸ்டபிள் கையைப் பிடித்தாள். பொன்மணி ஐ.சி.யு. கதவின் கைப்பிடியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"அந்தப் பாக்கெட்ட ஒரு தடவ காட்டுங்க மேடம். அப்புறம் எங்க வேணா கூட்டிக்கினு போங்க."

ஜெயபாரதி ஒரு வினாடி யோசித்தாள். பிறகு பாக்கெட்டுகள் இருந்த பிளாஸ்டிக் பையைத் தூக்கிப் பிடித்தாள்.

பொன்மணி எட்டு வருஷம் கல்லாவுக்கு உள்பக்கம் நின்று மருந்து கொடுத்தவள். எதைப் பார்த்தாலும் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கிற பழக்கம். கண்ணீரை முழங்கையால் துடைத்துவிட்டுப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"மேடம்... இது எங்க கட சரக்கு இல்ல. எந்தக் கட சரக்கும் இல்ல."

"என்ன உளர்றே?"

"ஓரத்துல இன்னா எழுதிக்கீதுனு பாருங்க. டாக்டர்களுக்கான சாம்பிள், விற்பனைக்கு அல்ல. கம்பெனிக்காரன் இத டாக்டருங்க கைல மட்டும்தான் குடுப்பான்."



வெங்கடேஷ் லிஃப்டை நோக்கி இரண்டடி வைத்திருந்தார். மூன்றாவது அடிக்குள் அவருடைய தோல் பை ஜெயபாரதியின் கைக்கு வந்துவிட்டது. உள்ளே வைட்டமின் டி ஊசி மருந்துக் குப்பிகள்... ஒவ்வொன்றும் ஆறு லட்சம் யூனிட், பத்து பாக்கெட் தூளுக்குச் சமம்!

அதன் பிறகு அவரால் மறைக்க முடியவில்லை. அடுத்த மாதம் வெளிநாட்டு மாநாட்டில் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிக்க வேண்டும். இருபது நோயாளிகளில் பத்தொன்பது பேருக்கு அணுக்கள் அடங்கின. சித்தார்த்தனுக்கு மட்டும் அந்தத் தூளில் அடங்கவில்லை. அதனால் மூன்று மாதமாக வாரம் ஒரு ஊசி. 'சத்து ஊசி, வீட்டம்மா பயப்படுவாங்க, சொல்லாதே' என்றார்; அவனும் நம்பினான். இன்று அவன் விழுந்ததும் காரிலிருந்த சாம்பிள் பெட்டியை எடுத்து வந்து, எல்லாவற்றையும் கிழித்துத் தூளைத் தொட்டியில் கொட்டிக் கழுவி, காலி உறைகளை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, அப்புறம்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்.

பொன்மணி அவரையே பார்த்தாள்.

"அவரு தரையில கெடந்தாரு... நீங்க உக்காந்து பாக்கெட் கிழிச்சிக்கினு இருந்தீங்களா சார்?"

அவர் ருக்சார் பக்கம் திரும்பினார். "போன வார ரிப்போர்ட் பாருங்க டாக்டர். அணுக்கள் அடங்கியிருக்கு. மருந்து வேலை செஞ்சிருக்கு..."

"கால்சியம் இந்த அளவுக்கு ஏறினா அதே அணுக்கள் திரும்ப உசுப்பேறும்னு எலிகள்லயே பார்த்திருக்காங்க. நீங்க தூங்க வெச்சது கொஞ்சம்... எழுப்பி விட்டது நிறைய."

வாக்குமூலம் எழுதி முடிக்க ஆறு மணி ஆகிவிட்டது. அதற்குள் டயாலிசிஸ் ஒரு சுற்று முடிந்திருந்தது. ருக்சார் வெளியே வந்து, கால்சியம் இறங்குகிறது, கண்டம் இன்னும் தாண்டவில்லை, ஆனால் தண்ணீர் கேட்டான் என்றாள். பொன்மணி செருப்பைக்கூட விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

ஜீப்பில் ஏறும்போது வெங்கடேஷ் நின்று திரும்பினார். ஜெயிலில் தன்னைப் போன்றவர்களை இருட்டறையில் போட்டுப் பூட்டி வைப்பார்களா என்று கேட்டார்.

ஜெயபாரதி கதவைச் சாத்தினாள்.

"சேச்சே... புழல் ஜெயில்ல தினமும் மைதானத்துல வெயில்ல விடுவாங்க டாக்டர். வைட்டமின் டி கெடைக்கும்... அளவோட!"