ஆடிக்காற்றும் மூடிய பட்டறையும்

"வாங்க சார், உங்க டிராக்டர் டிரெய்லர் நாளைக்கு ரெடி" என்றார் வெல்டிங் பட்டறை செல்லப்பாண்டி, தன் மகளைப் பார்த்து.

தேவயானி திரும்பிப் பார்த்தாள். பின்னால் எந்த சாரும் இல்லை. தூக்குவாளியும் கையுமாக அவள் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, நான்தான்."

"ஆமா, நீதான்" என்று ஒத்துக்கொண்டவர், பட்டறை வாசல் பெஞ்சில் உட்காரப் போய், பெஞ்சுக்கு அரையடி தள்ளி உட்கார்ந்தார். தரையில் பொத்தென்று விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் தேவயானிக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஒரு வாரமாக இதே கூத்துதான். காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு பட்டறைக்குப் போகிற அப்பா, சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வருகிறார். பேச்சு குழறுகிறது. நேற்று பக்கத்து வீட்டுக்குள் போய், "சோறு போடு" என்று கேட்டுவிட்டார்.

தெருவுக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது. உத்தமபாளையத்தில் ஒரு மனுஷன் தள்ளாடி நடந்தால், தெரு அதற்கு ஒரே ஒரு காரணம்தான் வைத்திருந்தது.

அம்மா முருகம்மாளும் அதையே நம்பினாள். அன்று இரவு துணிகளை எடுத்துப் பைக்குள் திணித்தாள்.

"சனிக்கிழம கெங்குவார்பட்டிக்குக் கெளம்புறோம். ஒங்க மாமா வீட்டுலயே இருந்துக்கலாம். நீ அங்கனயே பள்ளிக்கூடம் போ."

"அப்பா குடிக்கலம்மா. நான் மோந்து பாத்தேன். இரும்பு வாசந்தான் வந்துச்சு."

"வாசமே வராத சரக்கெல்லாம் வந்திருச்சாம். எதுத்த வீட்டுல சொன்னாக."

தேவயானி பாயில் புரண்டாள். அப்பா குடிக்கவில்லை. ஆனால் தள்ளாடுகிறார். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? யோசித்து யோசித்துத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பட்டறைக்குப் போனாள். காவல் காக்கத்தான். அப்பா பாட்டிலைத் தொடவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, அம்மாவிடம் சத்தியமே செய்துவிடலாம் என்று திட்டம்.

பட்டறை ஷட்டர் கீழே இறக்கியிருந்தது. பின்கதவைத் தட்டி உள்ளே போனாள். ஜன்னல் முழுக்கச் சாக்கு. ஷட்டருக்கு அடியில் மணல் மூட்டை. கதவிடுக்கில் பழைய வேட்டித் துணி. எறும்பு நுழையக்கூட இடம் இல்லை.

"எதுக்குப்பா இப்படி அடைச்சு வச்சிருக்கீக?"

"ஆடிக்காத்து பாத்தேல்ல, ஆளத் தூக்குது" என்றார் அப்பா. புதிதாக வாங்கிய வெல்டிங் மிஷினைப் பெருமையாகத் தட்டிக்கொடுத்தார். "இந்த மிஷினு பத்த வைக்கயில, சிலிண்டர்லருந்து ஒரு காஸ் வந்து, உருகுற இரும்பச் சுத்தி நிக்கும். காத்தடிச்சா காஸ் பறந்துரும். பத்த வச்ச எடமெல்லாம் ஆப்பம் கணக்கா ஓட்ட விழுந்துரும். அதான் அடைச்சுட்டேன். இப்ப காஸ் எங்கயும் போகாது."

முகமூடியைப் போட்டு, தோல் கையுறையை மாட்டிக்கொண்டு, டிரெய்லருக்கு அடியில் குனிந்தார். "வெளிச்சத்தப் பாக்காத ஆத்தா, கண்ணு கெட்டுரும். சுவரப் பாத்து உக்காரு."

தேவயானி சுவரைப் பார்த்து உட்கார்ந்து வீட்டுப்பாடக் கணக்கைப் போட்டாள். காதை மட்டும் அப்பா பக்கம் வைத்திருந்தாள். பாட்டில் திறக்கிற சத்தம் வரவே இல்லை. வெல்டிங் சத்தம்தான் சடசடவென்று வந்தது.

ஏழெட்டு ஐம்பத்தாறு என்று எழுதினாள். அடுத்த கணக்கு கொஞ்சம் யோசிக்க வைத்தது. அதற்கடுத்த கணக்கில் எண்கள் எல்லாம் மங்கலாகத் தெரிந்தன. நெற்றி விண்விண்ணென்று தெறித்தது. தண்ணீர் குடித்தால் சரியாகும் என்று பின்கதவு வழியாக வெளியே வந்தாள். கால் ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள்.

பக்கத்து டீக்கடைக்காரர் சுயம்புலிங்கம் அவளைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னத்தா, நீயும் தள்ளாடுற?"

தண்ணீர் வாங்கிக் குடித்தாள். காற்று முகத்தில் அறைந்தது. கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்தது. கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். கடைசிக் கணக்குக்கு விடை என்று எழுதியிருந்தது: புதன்கிழமை.

தேவயானிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நானும் தள்ளாடினேன். நானும் உளறியிருக்கிறேன். ஆனால் நான் குடிக்கவில்லையே.

அப்படியென்றால் குற்றம் பட்டறைக்குள் இருக்கிறது. என்ன அது? அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. காஸ் எங்கும் போகாது. எங்கும் போகாவிட்டால், அத்தனையும் உள்ளேயேதான் இருக்கிறது. அதைத்தான் அப்பா நாள் முழுக்க மூச்சாக இழுக்கிறார்.

"அப்பா, வெளிய வாங்க" என்று ஷட்டரைத் தட்டினாள்.

சடசடப்பு நின்றது. உள்ளே ஏதோ கனமாக விழுந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

அவள் பின்கதவுக்கு ஓடி, சட்டென்று நின்றாள். உள்ளே போனால் நானும் விழுந்துவிடுவேன், அப்புறம் அப்பாவை யார் தூக்குவது?

"மாமா, ஷட்டரத் தூக்குங்க. அப்பா விழுந்துட்டாரு" என்று சுயம்புலிங்கத்தைப் பார்த்துக் கத்தினாள்.

வெளிச்சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தாள். பின்கதவை விரியத் திறந்துவிட்டாள். ஜன்னல் சாக்குகளை வெளியிலிருந்தே பிடுங்கி எறிந்தாள். சுயம்புலிங்கம் ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே பாயப் போனார்.

"இருங்க மாமா, மொதல்ல காத்து போகட்டும்."

ஊரெல்லாம் திட்டித் தீர்த்த ஆடிக்காற்று, பட்டறைக்குள் புகுந்து தூசியையும் புகையையும் வாரிக்கொண்டு மறுபக்கம் வெளியேறியது. அதன் பிறகுதான் சுயம்புலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, அப்பாவை வெளியே இழுத்து வந்தார்.

கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். "காஸ்தான் காரணம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா இவரு பொழச்சிருக்க மாட்டாரு" என்றார் டாக்டர். அம்மா தேவயானியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை யாரும் கெங்குவார்பட்டிக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வந்த அப்பாவுக்குப் புதுக் குழப்பம். "கதவத் தெறந்தா வெல்டிங்கு ஓட்டயாகுது. சாத்துனா ஆளு காலி. நான் என்னதான் செய்யிறது?"

தேவயானி டீக்கடையை நினைத்துப் பார்த்தாள். "சுயம்பு மாமா அடுப்பு அணையக் கூடாதுன்னு கடையவா சாத்துறாக? அடுப்பச் சுத்தித் தகரம் மட்டுந்தான வச்சிருக்காக."

அப்பா எழுந்து பழைய தகரம் தேடக் கிளம்பினார்.

மறுவாரம் பட்டறையின் ஷட்டர் மேலே கிடந்தது. ஜன்னல் திறந்திருந்தது. டிரெய்லரில் பற்றவைக்கும் இடத்தை மட்டும் மூன்று தகரத் தட்டிகள் மறைத்து நின்றன. புகையை வெளியே இழுக்க ஒரு ஃபேன் வேறு. பற்றவைத்த இடத்தில் தேவயானி தேடித் தேடிப் பார்த்தாள். ஓர் ஓட்டைகூட இல்லை.

மதியம் அம்மா சோறு கொண்டுவந்தாள். அப்பா சாப்பிட உட்காரும்வரை தயங்கி நின்றாள்.

"ஏங்க, நீங்க குடிக்கிறீகன்னு நெனச்சுட்டேன். தப்புத்தான்."

அப்பா சோற்றைப் பிசைந்தார்.

"விடு முருகம்மா. ஊரே சொல்லவும், எங்கயாச்சும் குடிச்சுப்புட்டு மறந்துட்டேனோன்னு நானே ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."