மூன்றாவது பூட்டு

துணைமின் நிலையத்தின் வாசலில் ஜீப் நின்றபோது மழை விட்டிருந்தது. பிற்பகல்தான். ஆனாலும் விளக்கு வைக்கும் நேரம் போல வானம் கறுத்துக் கிடந்தது. காற்றில் அறுந்த கம்பியைக் கட்டினால்தான் பாதி ஊருக்கு வெளிச்சம். போர்மேன் முதலில் இறங்கினார். பின்னால் இறங்கிய லைன்மேனை எல்லாரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள்; ஆள் அவ்வளவு உயரம்.

ஏணி கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். கொஞ்ச நாளாகவே அவை நடுங்குகின்றன. தூக்கம் கிடையாது. கண்ணை மூடினால் பாட்டுக்காரர் விழுந்த சத்தம்.

பாட்டுக்காரர் இவனோடு கம்பம் ஏறியவர். உச்சியில் நின்று ஏதாவது ஒரு மெட்டை முனகிக்கொண்டே வேலை பார்ப்பார். போன மழைக்காலத்தில் கை நழுவி விழுந்து செத்துப்போனார். அன்று காலை ஜீப்பில் இவனிடம் மட்டும், "தூக்கமே இல்லடா, கை நடுங்குது. யார்கிட்டயும் சொல்லிடாத, மானம் போயிரும்" என்றார். இவனும் சொல்லவில்லை. ரொம்ப நல்ல பிள்ளை!

அதற்குப் பிறகு அலுவலகத்தில் மனநல ஆலோசகர் ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். செவ்வாய்தோறும் அந்த அம்மா வந்து ஒரு அறையில் உட்கார்ந்திருப்பார். ஈ, காக்கை போகாது. போகிறவனுக்குக் 'கழண்ட கேஸ்' என்று பட்டம் கட்டப் போர்மேன் காத்திருந்தார். ஏணி ஒரு தடவை கதவு வரை போனான். போர்மேன் வருவதைக் கண்டதும் தலையை மட்டும் உள்ளே நீட்டி, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு வந்தான். வருஷக்கணக்காக வேலை பார்க்கும் கட்டடம்! இப்போது நினைத்தாலும் அவனுக்குக் காது சுடும்.

சுவிட்ச் அறைக்குள் கும்மிருட்டு. எண்ணெய் வாசனையும் ஈர இரும்பின் வாசனையும் கலந்து வந்தன. போர்மேன் டார்ச் அடித்தார். மின்சாரத்தை நிறுத்தும் கைப்பிடியை இறக்கி, அதில் தன் பூட்டை மாட்டினார். கம்பியில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் தன் பூட்டை மாட்ட வேண்டும். வேலை முடிந்து வந்து அவரவர் பூட்டை அவரவர் கழற்றும் வரை மின்சாரம் விடக்கூடாது. பூட்டு தொங்கினால் அதற்குரிய ஆள் மேலே இருக்கிறான் என்று அர்த்தம்.

ஏணி தன் பூட்டை மாட்டினான். நடுக்கத்தில் அது இன்னொரு பூட்டின்மேல் இடித்தது.

மூன்று பூட்டுகள் தொங்கின.

மூன்றாவதில் நீல டேப் சுற்றியிருந்தது. அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பாட்டுக்காரரின் பூட்டு. அதை அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்ததே ஏணிதான். எவனோ விளையாடுகிறான் என்று போர்மேன் திட்டினார். ஏணி செல்போனை எடுத்து, அண்ணி, அந்தப் பூட்டு எங்கே என்று கேட்டான்.

"பீரோவுலதான் இருக்கு தம்பி. இதோ, கையில எடுத்துட்டேன்." துணியால் துடைக்கிற சத்தம் கேட்டது. "என்னன்னு தெரியல, இப்பல்லாம் ஈரமாவே இருக்கு. துடைக்கத் துடைக்க ஊறுது."

வெளியே, கம்பத்தின் உச்சிப் பக்கமிருந்து, ஒரு முனகல் கேட்டது.

தெரிந்த மெட்டு.

போர்மேன் பெரிய வெட்டுக் கத்தரியை எடுத்துப் பூட்டின் வளையத்தில் வைத்தார். கத்தரி பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"இத நான் பாத்துக்கிறேன், நீ போய் ஏறு," என்றார். "என்னடா நிக்கிற? வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. உடம்பு முழுக்க வெட்கம். ஏறினால் விழுவான், வீட்டில் மகள் காத்திருக்கிறாள். ஏறமாட்டேன் என்றால் நாளை எல்லார் வாயிலும் இவன்தான் அவல். முனகல் நெருங்கி வந்தது. ஏணி கைகளை வெளியே எடுத்து டார்ச் வெளிச்சத்தில் நீட்டினான்.

"என்னால ஏற முடியாதுண்ணே. பாருங்க."

முனகல் நின்றது.

நீல டேப் சுற்றிய பூட்டு தானாகத் திறந்து கீழே விழுந்தது. குனிந்து பார்த்தபோது தரையில் ஈரம் மட்டும் இருந்தது.

வேறு ஆட்கள் வந்து கம்பியைக் கட்டினார்கள். அதுவரை ஏணி ஜீப்பில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலாவது தேவலை. போர்மேன்கூடக் கிண்டல் செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த அறைக்குள் போனான். ஆலோசகர் அம்மா அவனை அடையாளம் கண்டுகொண்டு, கழிப்பறை கிடைத்ததா என்று கேட்டார். அவன் சிரித்தான். அப்புறம் வெகுநேரம் அழுதான்.

வெளியே வந்தபோது போர்மேன் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். கொக்கியில் அவருடைய ஹெல்மெட் தொங்கியது. ஹெல்மெட்டின் வாரையும் கொக்கியையும் சேர்த்து ஒரு பூட்டு பூட்டியிருந்தது. அதில் நீல டேப். சொட்டிய தண்ணீரில் அவருடைய காலணி நனைந்திருந்தது.

"இருக்கிற சாவியெல்லாம் போட்டுப் பாத்துட்டேன்டா," என்று கிசுகிசுத்தார். அவர் கையில் சாவிக்கொத்து கலகலவென்று ஆடியது.

ஏணி அந்தக் கையையே பார்த்தான். "எப்பலேருந்துண்ணே?"

"அவன் விழுந்த அன்னிலேருந்து."

ஏணி ஒதுங்கி நின்று, கதவை அகலத் திறந்து பிடித்தான். போர்மேன் ஓர் அடி எடுத்து வைத்தார். அதற்குள் படிக்கட்டுப் பக்கம் யாரோ பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

அவர் தலையை மட்டும் உள்ளே நீட்டி, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

அவர் தலைக்கு மேலே, கூரையில், யாரோ மெதுவாக முனக ஆரம்பித்தார்கள்.