இன்னைக்கு யாரு வந்தா?

சாரல்.

குரங்கு மூணு.

குருவம்மாள்.

செத்துப்போன ரத்தினத்தின் செல்போன் திரையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்!

ஒவ்வொரு பெயரும் ஒரு குட்டிப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் ஓரத்தில் சின்னதாய் ஓர் எக்ஸ் குறி.

போன் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. ரத்தினம் அடுப்படித் தரையில் கிடந்தார். பக்கத்தில் அம்மிக் குழவி. அதில் ரத்தம்!

குற்றாலத்தில் சீசன். ஐந்தருவி ரோட்டில் கார்கள் நகர முடியாமல் நின்றன. தலையில் எண்ணெய் வழிய ஊரே அருவிக்குப் போய்க்கொண்டிருந்தது. ரோட்டிலிருந்து நூறடி தள்ளியிருந்த இந்த வீட்டுப் பக்கம் யாரும் திரும்புவதில்லை.

"சாரலையும் குரங்கையும் பிடிச்சு உள்ள போட முடியாது," என்றாள் இன்ஸ்பெக்டர் காளீஸ்வரி. "மனுசி நீ ஒருத்திதான். ஜீப்ல ஏறு, குருவம்மா."

சமையல்காரி குருவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா... சத்தியமா நான் இல்லம்மா! காலையில வந்து இட்லி அவிச்சு வச்சுட்டு எட்டு மணிக்குப் போயிட்டேன். பதினோரு மணிக்குச் சோறு பொங்க வந்தா... அண்ணாச்சி இப்படிக் கெடக்காவ!"

"டாக்டர் ஒம்பது மணிக்கு மேலன்னு சொல்லுதாரு. அப்ப நீ எங்கன இருந்த?"

"என் வீட்டுல. ஒத்தையில."

"யாரு பாத்தா?"

"ஒத்தையில இருந்தா யாரும்மா பாப்பா?"

நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தவன் நிமிர்ந்தான். லிங்கேஸ்வரன். ரத்தினத்தின் தங்கை மகன். போலீஸ் போன் போட்ட பிறகு ஆலங்குளத்திலிருந்து கார் எடுத்து வந்தவன்.

"என் மாமா ஒனக்கு என்னட்டி பாவம் செஞ்சாரு?"

அப்போதுதான் கான்ஸ்டபிள் பாண்டிராஜ் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தான்.

"மேடம், அந்த ஆப் செஞ்ச பொண்ணு. இசக்கிசெல்வி."

சென்னையில் ராத்திரி ஷிப்ட் வேலையைப் பாதியில் உதறிவிட்டு வந்தவள். மேலகரத்தில் ஒற்றை அறை. தனியாக இருக்கும் வயசாளிகளுக்காக ஓர் ஆப். அதில் ஒரே கேள்வி... 'இன்னைக்கு யாரு வந்தா?' மூன்று நாள் பதில் இல்லையென்றால் அவளுக்குச் செய்தி வரும். வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவாள்.

ரத்தினம் வீட்டுக் கதவை ஒருமுறைகூட அப்படித் தட்ட வேண்டியிருந்ததில்லை. மனிதர் வராவிட்டால் மழையை எழுதிவிடுவார்.

அவள் பிணத்தைப் பார்த்தாள். அழவில்லை.

"இது எப்படிம்மா வேலை செய்யுது?" என்றாள் காளீஸ்வரி.

"பேரை அடிச்சு கமா போட்டா பெட்டியாயிரும். எக்ஸைத் தொட்டா பெட்டி போயிரும். ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பக்கம் புதுசாயிரும். யாராவது வந்து செருப்பைக் கழத்துததுக்குள்ள சார் பேரை ஏத்திருவாரு."

"போன்ல ஒரு ரேகை கூட இல்ல மேடம்," என்றான் பாண்டிராஜ். "துடைச்சிருக்கு."

இசக்கிசெல்வி திரும்பினாள்.

"குருவம்மாக்கா துடைச்சிருந்தா, தன் பேரை விட்டுட்டா துடைப்பா?"

காளீஸ்வரியின் புருவம் ஏறியது. "அப்போ... வேற ஒரு பேரு இருந்திருக்கு. யாரோ அழிச்சிருக்கான். அதை எடுக்க முடியுமா?"

"முடியும். கொஞ்ச நேரம் ஆகும்." லிங்கேஸ்வரனைப் பார்த்தாள். "நீங்க கடைசியா இங்க எப்ப வந்தீங்க அண்ணாச்சி?"

"தை... தை மாசம். பொங்கலுக்கு."

"சரி. இதைக் கொஞ்சம் பிடிங்க."

மேஜையிலிருந்து போனை அலுங்காமல் எடுத்தாள். அவன் கையில் வைத்தாள். ஒரு தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

ஐந்து வினாடி... பத்து வினாடி...

லிங்கேஸ்வரனின் நெற்றியில் வியர்வை!

"என்னம்மா சும்மா நிக்கே? எடுக்கலையா?"

"நீங்கதான் எடுத்துக்கிட்டு இருக்கீங்க."

அவன் கை நடுங்கியது. கட்டுப்படுத்தப் பார்த்தான். இன்னும் நடுங்கியது!

திரை ஒருமுறை சிமிட்டியது.

மூன்று பெட்டிகளுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒன்று வந்து உட்கார்ந்தது.

'லிங்கேசு வந்துட்டான்!'

போன் தரையில் விழுந்தது. பாண்டிராஜின் கை லிங்கேஸ்வரனின் சட்டையில் விழுந்தது!

"ரத்தினம் சாருக்குக் கைநடுக்கம்," என்றாள் இசக்கிசெல்வி. "விரல் தவறி எக்ஸ்ல பட்டு, வந்தவங்க எல்லாம் அழிஞ்சு போயிருவாங்க. வந்ததே ரெண்டு பேரு, அவங்களும் போயிட்டாங்கன்னு ஒருநாள் போன்ல அழுதாரு. அதனால அவரு போன்ல மட்டும் ஒண்ணு மாத்தி வச்சேன். அழிச்ச பேரு அன்னைக்கு முழுக்க ஒளிஞ்சிருக்கும். போன் பத்து வினாடி கையில நடுங்குனா திரும்பி வந்துரும்."

"ஏலே!" காளீஸ்வரி லிங்கேஸ்வரனின் முகத்துக்கு நேரே குனிந்தாள். "எதுக்குலே?"

"ரிசார்ட்டுக்கு வீட்டைக் கேட்டாங்க மேடம்... தரமாட்டேன்னாரு. வீட்ட வித்துட்டா நீ எந்த வீட்டுக்கு என்னைப் பாக்க வருவேன்னு கேட்டாரு... கோவத்துல..."

வெளியே சாரல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

சாயங்காலம். போலீஸ் ஸ்டேஷன். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இசக்கிசெல்வி பெஞ்சில் உட்கார்ந்து தன் போனைத் திறந்தாள்.

'இன்னைக்கு யாரு வந்தா?'

காலி. நேற்றும் காலி. அதற்கு முந்தின நாளும். சோதித்துப் பார்க்கும்போதுகூட அவள் போட்டதெல்லாம் கற்பனைப் பெயர்கள்.

பக்கத்தில் குருவம்மாள் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, சாப்டியா? வா, வீட்டுல சோறு கெடக்கு."

இசக்கிசெல்வியின் விரல் 'கு' என்று அடித்தது.

"என் பேரை மட்டும் போட்டுராத தாயி. போட்டா போலீஸ் வருது!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு காளீஸ்வரி லாக்கப் பக்கம் திரும்பினாள். உள்ளே லிங்கேஸ்வரன் சுவரைத் தடவிக்கொண்டு நின்றான். கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னலே தேடுத? இந்தப் பெட்டியில எக்ஸ் கிடையாது!"

கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டினாள்.