ஒரு கரண்டி மை

சனிக்கிழமை காலையில் சிங்காநல்லூரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒரே காட்சிதான். கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, நடுவில் மைப்பேழையை வைத்து, ஊசிக்குழலும் கையுமாக யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பேழையின் தலையில் ஒட்டியிருக்கும் தாளை உரித்தால் சின்னத் துளை தெரியும். ஊசியை உள்ளே பஞ்சு வரைக்கும் இறக்கி மெல்ல அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் மை பொங்கி விரல், வேட்டி, தரை என்று ஒன்றையும் விட்டுவைக்காது. துளையை மறுபடி ஒட்டி, அடிப்பக்கத்தைத் துணியில் ஒற்றி, அச்சுப்பொறிக்குள் தள்ளிவிட்டால் அந்த வாரத்துக்குக் கவலையில்லை.

ஒரு காலத்தில் இது கஞ்சர்கள் செய்யும் வேலை என்று கேலிக்கு ஆளானதுதான். கடையில் புதுப் பேழை வாங்க மனசு வராதவர்கள் செய்த காரியம். இப்போதோ கடையில் மை விற்றால்தான் குற்றம்.

இயந்திரங்கள் யார் முகத்தையும் யார் குரலையும் அச்சு அசலாகச் செய்யப் பழகிவிட்ட பிறகு, திரையில் தெரிவதை நம்ப ஆளில்லாமல் போயிற்று. மகன் கூப்பிட்டு அழுதால் அது மகன்தானா என்று தெரியாது. கலெக்டர் தோன்றி உத்தரவு போட்டால் கலெக்டர்தானா என்று தெரியாது. சுற்றிச் சுற்றி வந்து உலகம் காகிதத்திலேயே போய் நின்றது. ஆனால் அதில் ஓடும் மை உயிருள்ள மை. தயிரைப் போல உறை ஊற்றி, சமையலறையில் கண்ணாடிக் குப்பியில் வளர்ப்பது. தினமும் ஆறிய வடிகஞ்சி கொஞ்சம் ஊற்றி, வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கொரு தடவை விரலால் தொட்டு வைத்தால், அவரவர் உயிர்ச்சுவடு மைக்குள் ஏறிவிடும். அந்த மையில் அச்சான சொல் அந்த வீட்டார் சொன்ன சொல். சட்டம் அதற்கு வைத்த பெயர் குடிமை. பெயர் வைத்தவருக்குத் தமிழ் நன்றாகவே தெரிந்திருந்தது.

அடுத்த பெயரையும் அதே ஆள்தான் வைத்திருக்க வேண்டும். ஒரே ஒருவர் சுவடு மட்டும் உள்ள மைக்குப் பெயர் தனிமை. தனிமையில் அடித்த காகிதம் எந்த அலுவலகத்திலும் செல்லாது. ஒற்றை ஆள் என்று பதிந்துகொண்டு, ஆளே இல்லாத வீட்டில் இயந்திரம் குடித்தனம் நடத்திய கூத்தெல்லாம் வெளியே வந்த பிறகு போட்ட விதி அது. ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அவரோடு இருக்கும் இன்னொருவர்தான் சாட்சி. விதி வருவதற்கு முன்பே தனியாக இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்கள், துணை போய்விட்டால், அந்தத் துணையின் சுவடு மையிலிருந்து மறைவதற்குள் வேறு குடியில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும்.

சுகந்தியின் கணவர் குணசேகரன் போன ஆடியில் போய்விட்டார். அவர் சுவடு மாதத்துக்கு மாதம் மங்கிக்கொண்டே வந்தது. மகன் செழியன் ஓசூரிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு இன்று காலையிலேயே வருகிறான். நல்ல பிள்ளை. மருமகளும் நல்லவள்தான். அம்மாவுக்கென்று ஒரு அறையை ஒழித்துவைத்திருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லாததுதான் சுகந்திக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. போக மனமில்லை என்பதை யாரிடம் என்ன சொல்லிப் புரியவைப்பது?

அவளுக்கு இந்த மூன்றாவது மாடி வேண்டும். குடியிருப்பில் தண்ணீர் வராவிட்டால் எல்லோரும் அவள் கதவைத் தட்டுவது வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் எதிர்வீட்டு ஹபீபா வேண்டும். இருவரும் தினமும் குளத்தங்கரையில் நடப்பார்கள். அங்கே வந்திறங்கும் நாரைகளுக்குக் குடியிருப்பு ஆட்களின் பெயரை வைத்து, எது எதோடு சண்டை போட்டது, எது யார் மீனைப் பிடுங்கியது என்று வம்பளப்பார்கள். சங்கச் செயலாளர் பெயர் கொண்ட நாரை எப்போதும் ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருக்கும். ஓசூரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள், நாரைக்குப் பெயர் வைக்க?

மூட்டை கட்டும் அமளியில்தான் அந்தத் தப்பு நடந்தது. சோற்றை வடித்த கையோடு, கொதிக்கக் கொதிக்க கஞ்சியை எடுத்து மைக்குப்பியில் ஊற்றிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மை திரிந்து, பழுப்பாகி, அடியில் படிந்துவிட்டது. வீட்டை மூடிவிட்டுப் போகிறவர்கள் விடைச்சீட்டு ஒன்றை அந்த வீட்டு மையில் அடித்துக் கொடுத்தாக வேண்டும். அது இல்லாமல் மகன் வீட்டில் பெயர் சேர்க்க முடியாது. அதைச் சரிபார்க்கப் பெண் அதிகாரி ஒருவர் பதினோரு மணிவாக்கில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

வீட்டில் ஒரு பொருள் தீர்ந்துவிட்டால் சுகந்தி என்ன செய்வாளோ அதையேதான் இப்போதும் செய்தாள். கரண்டியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

அந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவே காபித்தூள், உறைமோர், கறிவேப்பிலை எல்லாம் கணக்கில்லாமல் போய் வந்திருக்கின்றன. ஹபீபா விதிவிலக்குக்காரி. விதி வருமுன்பே தனியாக இருந்தவள், தன் தனிமையை ஊறுகாய் ஜாடியில் வளர்ப்பவள். விஷயத்தைக் கேட்டதும் முதலில் வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு ஜாடியைத் திறந்து ஒரு கரண்டி நிறைய ஊற்றினாள்.

"ஊரை விட்டுப் போற சீட்டுத்தானே கண்ணு. உசுரு இருக்குதான்னு மட்டும்தான் பாப்பாங்க."

சுகந்தி வீட்டுக்கு வந்து அதை ஊசிக்குழலில் உறிஞ்சி, பேழைக்குள் இறக்கினாள். மை மாற்றுகிறவர்கள் முதலில் பஞ்சை வெதுவெதுப்பான நீரில் தெளியும்வரை கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பழைய மை உள்ளேயே தங்கிவிடும். இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், சுகந்திக்கும் தெரியும். ஆனால் அவள் மனம் முழுக்க மூட்டைகளில் இருந்தது. விடைச்சீட்டு அச்சாகி வந்தது.

அதிகாரியின் பெயர் லோகநாயகி. சின்னப் பெண், ஸ்கூட்டரில் வந்தாள். அவள் செய்யும் வேலையை ஊரில் மை போட்டுப் பார்ப்பது என்றுதான் சொல்வார்கள். முன்பெல்லாம் காணாமல் போன மாட்டைக் கண்டுபிடிக்க வெற்றிலையில் மை போட்டுப் பார்த்தார்கள். இப்போது ஆள் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். செழியனும் அதற்குள் வந்துசேர்ந்து, இரண்டு பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டு மூச்சு வாங்க நின்றான். வழியனுப்ப ஹபீபாவும் வந்திருந்தாள்.

லோகநாயகி சுவடுகாட்டிக் கருவியைச் சீட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். துடைத்துவிட்டு இன்னொரு முறை வைத்தாள்.

"இந்த வூட்டை மூட முடியாதுங்க. மூணு பேர் காட்டுது. ரெண்டு பேர் நல்லா பளிச்சுன்னு இருக்கறாங்க. ஒருத்தர் மட்டும் மங்கிட்டு வர்றாரு."

மங்கிக்கொண்டிருப்பது யார் என்று சுகந்திக்குத் தெரிந்தது. பஞ்சின் ஓரத்தில் எங்கோ ஒட்டியிருந்து, கடைசிக் காகிதத்தில் வந்து நிற்கிறார் மனுஷர். அவள் கண் நிறைந்துவிட்டது. மற்ற இரண்டு பேர் யார் என்பதும் உடனே புரிந்தது. கரண்டி, கஞ்சி, கழுவாத பஞ்சு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தாள். தன்னால் ஹபீபாவுக்கு ஏதாவது வில்லங்கம் வந்துவிடுமோ என்று பயந்து, கலந்தது நான்தான் என்று இரண்டு தடவை சொன்னாள்.

லோகநாயகி பயமுறுத்தவில்லை. தெரியாமல் கலந்தது என்றால் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு வழியில் ஏற்பாடு செய்யலாம், அம்மா சாயங்காலமே ஓசூர் போய்விடலாம் என்றாள். தெரிந்தே கலந்தது என்றால் கதை வேறு. ஒரே மையில் இருவர் சுவடு இருந்தால் அது ஒரு குடி. கல்யாணத்துக்குத்தான் மை கலக்க வேண்டும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறதே தவிர, சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. வீட்டுக்கு எத்தனை கதவு இருக்க வேண்டும் என்றும் சட்டம் கேட்கவில்லை. ஆனால் ஹபீபாவின் விலக்கு இன்றோடு போய்விடும். பிறகு இருவரில் ஒருவர் விலகினால் மற்றவருக்கும் இடமில்லை. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று இருவரையும் பார்த்தாள்.

சுகந்தி வாழ்க்கையில் பெரிய முடிவுகளை எடுத்தவள் இல்லை. முதலில் அப்பா எடுத்தார், பிறகு குணசேகரன் எடுத்தார், இப்போது மகன் எடுத்திருக்கிறான். அவள் ஹபீபாவைப் பார்த்தாள். ஹபீபா சொல்லிக்கொடுப்பதாக இல்லை. மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாமத்தானுங்க கலந்துச்சு," என்றாள் சுகந்தி. "ஆனா பிரிக்க வேண்டாம்."

ஹபீபா அப்போதுதான் பார்வையை இறக்கினாள். என் விலக்கை எடுத்துக்கொள்ளுங்கள், இவள் எங்கே போய்விடப் போகிறாள் என்று அதிகாரியிடம் அலட்சியமாகச் சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

செழியன் முகம் வாடிப்போயிற்று. "அம்மா, ரூமுக்குப் பெயிண்ட்டுகூட அடிச்சுட்டோம்" என்றான்.

சுகந்தி அவன் கன்னத்தைத் தொட்டாள். விரலில் இருந்த மை அவன் தாடையில் ஒட்டிக்கொண்டது. அந்த அறை அப்படியே இருக்கட்டும், விருந்தாளியாக வருகிறேன், விருந்தாளி என்றால் உன் பெண்டாட்டி எனக்கு முறுக்கெல்லாம் சுட்டு வைக்க வேண்டும் என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் மனசு லேசானது.

லோகநாயகி புதுக் குடியைப் பதிய ஆரம்பித்தாள். பெயர்கள் ஏறின. அடுத்த கட்டத்தில் கருவி நின்றுவிட்டது. இருவருக்கும் என்ன உறவு என்று கேட்டது. மனைவி, தாய், மகள், சகோதரி, மாமியார், நாத்தனார் என்று நீளமாகப் பட்டியல் காட்டியது. எதையும் தொட முடியவில்லை. அக்கா என்று போட்டுவிடலாமா என்று செழியன் கேட்டான். அம்மா ஹபீபாவைத் தினமும் அப்படித்தானே கூப்பிடுகிறாள்? சுகந்தி வேண்டாம் என்று தலையாட்டினாள். கூடப்பிறந்தவர்கள் அவளுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். நல்லது கெட்டதற்கு வந்து போனார்களே தவிர, காலையில் எழுந்ததும் யாரும் அவளைத் தேடியதில்லை.

"உள்ளதைச் சொல்லுங்க. இவங்க உங்களுக்கு யாருங்க?" என்றாள் லோகநாயகி.

"எதுத்த வூடு," என்றாள் சுகந்தி.

லோகநாயகி பட்டியலைக் கடைசிவரை தள்ளினாள். பிறகு பட்டியலின் அடியில் காலியாக இருந்த இடத்தில், உறவுமுறை: எதிர்வீடு என்று எழுத்தெழுத்தாக அடித்தாள். புதிய உறவைச் சேர்க்கலாமா என்று கருவி கேட்டது. சேர்க்கலாம் என்று அழுத்தினாள். அன்றிலிருந்து அந்த உறவு மாநிலம் முழுவதும் பட்டியலில் இருந்தது, பொங்கல் வருவதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் அதைத் தொட்டிருந்தார்கள்.