தாழ்ப்பாள் வெளியே இருந்த வீடு

வாசல் கதவை உள்ளும் புறமும் மாற்றி மாட்டியிருந்தார்கள். தாழ்ப்பாள் வெளியே இருந்தது. கதவில் பதித்திருந்த லென்ஸும் அப்படித்தான்: உள்ளிருந்து பார்த்தால் மங்கலாக ஒரு வெளிச்சப் பொட்டு மட்டும், வெளியே நின்று பார்த்தால் கூடம் முழுக்கத் தெரியும்.

"இந்தக் கட்டடத்துலயே நீங்கதான் முதல் குடி. எட்டிப் பாக்க யாரு இருக்கா?" என்று சிரித்தார் வீட்டுக்காரர். "ஆசாரி வந்ததும் மாத்திடலாம்."

அம்மா சற்று முன்தான் சாயங்கால ஷிப்டுக்குக் காரில் கிளம்பியிருந்தாள். இருந்தது அந்த ஒரு கார்தான். பால் வாங்கக்கூட கார் இல்லாமல் போக முடியாத இடம். தூரத்தில் நெடுஞ்சாலை இரைந்துகொண்டே இருந்தது, ஒரு வண்டியும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. வீடெங்கும் பெயிண்ட் நெடி, ஈரச் சிமெண்டின் குளிர், ஃபிரிட்ஜின் மேல் இன்னும் உரிக்காத பிளாஸ்டிக் உறை யாரோ மூச்சு விடுவதுபோல் உப்பி உப்பி அடங்கும் சத்தம்.

தம்பிக்கு மட்டும் அந்தக் கதவு பெரிய விளையாட்டு. வெளியே நின்று லென்ஸில் கண்ணை ஒட்டியிருந்தான்.

"அக்கா, மூக்கை நோண்டுற!"

"உதை வாங்குவ. உள்ள வாடா."

"இப்ப தண்ணி குடிக்கிற..." குரல் தயங்கியது. "அது ஏன் நீ பண்றதையே பண்ணுது?"

"எதுடா?"

"உன் பின்னாடி."

திரும்பினாள். வெள்ளைச் சுவர். பிரிக்காத பெட்டிகள். உறையின் சத்தம் நின்றிருந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்த சத்தம் இரண்டு முறை கேட்டது.

கதவுக்கு ஓடினாள். அதற்குள் வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"டேய்! திறடா!"

"மாட்டேன்." அழுதான். "அது வெளிய வந்துடும்."

"நான் உள்ள இருக்கேன்டா!"

"ரெண்டு பேரும் அக்கா மாதிரியே இருக்கீங்க. யாரு நீ?"

அம்மாவுக்கு போன் அடித்தாள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அம்மா எடுக்கவே மாட்டாள்.

அவனை அவள் மட்டுமே கூப்பிடும் பெயர் ஒன்று இருந்தது. கதவில் வாயை வைத்துச் சொன்னாள்.

"எலிக்குட்டி, நான்தான்டா."

விசும்பல் நின்றது.

"எலிக்குட்டி, நான்தான்டா."

இரண்டாவது முறை அவள் சொல்லவில்லை. அவள் காதோரத்தில், அவள் குரலிலேயே வந்தது.

தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. தம்பி திறக்கிறான்.

திறக்காதே என்று கத்த வாயெடுத்தாள். ஈரச் சிமெண்ட்போலச் சில்லென்ற ஒரு உள்ளங்கை அந்த வாயை மூடியது.

"திறடா, எலிக்குட்டி."